கோல்வின் வளைவில் நின்றார்கள்

வெர்னெட்டா: அந்தப் பக்கம் ரோலர் சத்தமே கேட்கல?

ஹார்லன்: நான் பிரஷ்ல பூசறேன்.

வெர்னெட்டா: பிரஷ்லயா? எழுத்தெல்லாம் மேடா நிக்குது. ரோலரைப் பொன் பெயின்ட்ல தொட்டு ஒரு இழு இழுத்தா, எல்லா எழுத்தும் ஒண்ணா மினுங்கும். இதுக்குப் போய் யாராவது ஒவ்வொரு எழுத்தா…

ஹார்லன்: பிரஷ்ல பூசினா ஓரம் சுத்தமா வரும்.

வெர்னெட்டா: உங்க வீட்டு ஜன்னல் சட்டத்தைப் பார்த்தவ நான். ஓரத்தைப் பத்தி நீ பேசாதே.

ஹார்லன்: உன் பக்கத்தை நீ பாரும்மா. ரெண்டு பக்கமும் ஒரே எழுத்து; ரோட்டுப் பக்கம் உன்னோடது, வயல் பக்கம் என்னோடது. காலையில அப்படித்தானே பேசினோம்?

வெர்னெட்டா: பேசினோம். நடுவுல இந்த நினைவுப் பலகைத் தகடு இவ்வளவு பெரிசா இருக்குல்ல, அதான் உனக்குத் தைரியம். உன் பூட்ஸ் மட்டும்தான் தெரியுது எனக்கு. அதுலயும் ஒரு காலுக்குக் கறுப்புக் கயிறு, இன்னொரு காலுக்கு வைக்கோல் கட்டுற கயிறு.

ஹார்லன்: கயிறு கயிறுதான். அவிழாம இருந்தாச் சரி.

வெர்னெட்டா: நாளைக்காவது ஒழுங்கா ஒரு ஜோடி போட்டுக்கிட்டு வா. முன்னால நின்னு பேசறவன் காலைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க.

ஹார்லன்: நாளைக்கு… எனக்குத் தொண்டை சரியில்ல.

வெர்னெட்டா: எப்போலேருந்து?

ஹார்லன்: நேத்திலேருந்து.

வெர்னெட்டா: நேத்து உன் பசு என் பீன்ஸ் கொடிக்குள்ள புகுந்தப்போ நீ போட்ட சத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கி வரைக்கும் கேட்டிருக்கும். அப்போ நல்லாத்தான் இருந்தது தொண்டை.

ஹார்லன்: அதுலதான் போச்சு.

வெர்னெட்டா: பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்ல வரல உனக்கு. இந்தா, இங்க பார்த்தியா… இல்ல, உனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஒரு குண்டு பட்ட பள்ளம். போன வருஷம் இல்ல இது.

ஹார்லன்: மான் வேட்டைக்கு வந்தவன் எவனாவது சுட்டிருப்பான்.

வெர்னெட்டா: பழுப்புத் தகடு, பொன் எழுத்து, ஒத்தைக் கால். இதைப் போய் மான்னு நினைச்சானா?

ஹார்லன்: மான் கிடைக்காதவனுக்கு எல்லாம் மான்தான். பள்ளத்துல பழுப்பை நல்லா அப்பு, தெரியாது.

வெர்னெட்டா: இருக்கட்டும். பட்டது பட்டதுதான்… சரி, நாளைக்கு என்ன பேசறதுன்னு யோசிச்சியா?

ஹார்லன்: நான்தான் சொன்னேனே, தொண்டை—

வெர்னெட்டா: நாலு வார்த்தை. வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லு, பலகையைக் காட்டு, உன் குடும்பத்தைப் பத்தி ஏதாவது சொல்லு, இறங்கிடு. வருஷத்துக்கு ஒருதடவை ஊர் கூடுற ஞாயிறுக்கு டெட்ராய்ட்லேருந்து, கிளீவ்லேண்டுலேருந்து எங்க ஆளுங்க எல்லாம் வந்து இறங்கியாச்சு. எங்க வீட்டுல படுக்க இடமில்லாம என் மருமகன் வேன்ல தூங்கறான்.

ஹார்லன்: உங்க ஆளுங்க வழக்கமா ஆத்தங்கரையிலேருந்து சர்ச் வரைக்கும் நடப்பாங்க. நடக்கட்டும். அதுல என்னை ஏன் இழுக்கிற? அதுவும் இந்த இடத்துல… நீங்கதான் இங்க நிக்கவே மாட்டீங்களே.

வெர்னெட்டா: யார் சொன்னது?

ஹார்லன்: யார் சொல்லணும்? டவுசர் போட்ட வயசுலேருந்து வேலிமேல உட்கார்ந்து பார்க்கிறேன். ஆத்துலேருந்து பாடிக்கிட்டே வருவீங்க. எங்க வளைவு வந்ததும் பாட்டு நின்னுடும். குழந்தையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு விறுவிறுன்னு… செருப்பு கழண்டு விழுந்தாக்கூடக் குனிஞ்சு எடுக்கமாட்டீங்க. அப்படி விழுந்த ஒரு செருப்பை நான் எடுத்துட்டு வந்து கொடுத்தேன், ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடத்துல?

வெர்னெட்டா: என் செருப்புதான் அது. கிளாஸே பார்க்கிற மாதிரி டெஸ்க் மேல வச்சியே.

ஹார்லன்: வளைவைத் தாண்டி, அந்த வால்நட் மரத்துக்கிட்டப் போனதும்தான் மறுபடி பாட்டு வரும். எங்க நாய்ங்களுக்குப் பயந்துதான்னு எங்கம்மா சொல்லுவாங்க.

வெர்னெட்டா: அப்படியும் சொல்லலாம்.

ஹார்லன்: பலகை நட்ட அன்னிக்குக்கூட உங்க ஆளுங்க நடந்துக்கிட்டே கை தட்டினாங்க. போட்டோ பிடிக்க வந்தவன் பின்னாடியே ஓடினான்.

வெர்னெட்டா: அது வழக்கம். ஆனா நாளைக்கு நிக்கப் போறோம். முதல் தடவையா. மூணு வருஷமா நான் ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டு, சண்டை போட்டு, ஒத்துக்க வச்சிருக்கேன். எல்லாரும் இந்த வளைவுல நின்னு பலகையைப் படிக்கப் போறாங்க. நின்னவங்களைப் பார்த்து, பண்ணை வீட்டுக்காரன் ஒரு வார்த்தை பேசணும். பேசாம நீ கதவைச் சாத்திக்கிட்டா… நான் அத்தனை பேரையும் எதுக்கு நிறுத்தினேன்னு கேட்பாங்கல்ல? என்ன, பூட்ஸ் அசையுது. ஓடப் போறியா?

ஹார்லன்: இல்லம்மா. கார் வருது. நின்னுடுச்சு பாரு.

காரில் வந்த பெண்: வணக்கங்க! இதுதானே அந்தப் பாதாள ரயில் பலகை? நாங்க டென்னசியிலேருந்து வர்றோம். ஸ்டேஷன் எந்தப் பக்கம்?

வெர்னெட்டா: ஸ்டேஷன் இல்லைங்க.

காரில் வந்த பெண்: சுரங்கத்தை மூடிட்டாங்களா?

ஹார்லன்: போன வண்டிதான் கடைசி வண்டி.

வெர்னெட்டா: நீ பேசாம இரு… சுரங்கமும் இல்லைங்க, ரயிலும் இல்ல. அது சும்மா ஒரு பேரு. தெக்கே, ஆத்துக்கு அந்தக் கரையில அடிமையா இருந்தவங்க ராத்திரியில ஆத்தைக் கடந்து, இந்த ஓடையைப் பிடிச்சு வடக்கே நடந்து போவாங்க. கனடா வரைக்கும். அங்கங்க சாப்பாடு கொடுத்து, ஒளிச்சு வச்சு, அடுத்த வீட்டுக்கு வழி காட்டினவங்க இருந்தாங்க. அந்த வழிக்குத்தான் அப்படிப் பேரு. மத்தபடி எல்லாம் நடைதான்.

காரில் வந்த பெண்: அப்படியா… என் வீட்டுக்காரர் டிக்கெட் இருக்குமான்னு கேட்டுக்கிட்டே வந்தார். நான் படிக்கலாமா? பெயின்ட் ஈரமா இருக்கோ?

வெர்னெட்டா: தொடாம படிங்க.

காரில் வந்த பெண்: "ஆற்றைக் கடந்து விடுதலை தேடி வந்த மக்கள் இந்த ஓடை வழியே வடக்கு நோக்கி நடந்தார்கள். அவர்களுள் சிலர் எனோக் கோல்வினின் பண்ணையில் நின்றார்கள். அவர்களை நினைவில் வையுங்கள்." ம்ம்… அழகா இருக்கு. ஆனா 'நின்றார்கள்'னு மொட்டையா இருக்கே? நான் இஸ்கூல்ல பாடம் எடுத்தவ, அதான் கண்ணுல படுது. 'தங்கி இளைப்பாறினார்கள்'னு போட்டிருக்கலாம்.

வெர்னெட்டா: தகட்டுல இவ்வளவு எழுத்துதான்னு கணக்கு உண்டுங்க. குட்டி வார்த்தையாப் பார்த்துப் போட வேண்டியதாச்சு.

காரில் வந்த பெண்: அதுவும் சரி. இந்தக் கோல்வின் குடும்பத்துல யாராவது இன்னும்…

வெர்னெட்டா: அந்த பூட்ஸ் தெரியுதே, அதுக்கு மேல இருக்கிறவர்தான்.

காரில் வந்த பெண்: அய்யோ, நீங்களா? ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்களேன், ஒரு போட்டோ…

ஹார்லன்: முகமெல்லாம் பெயின்ட்டுங்க.

காரில் வந்த பெண்: பரவாயில்லை, கையையாவது கொடுங்க. எப்பேர்ப்பட்ட ரத்தம் ஓடுது உங்க உடம்புல! அந்தக் காலத்துல மாட்டியிருந்தா உங்க முப்பாட்டனுக்கும் ஜெயில்தானே?

ஹார்லன்: கையிலயும் பெயின்ட்டுங்க.

காரில் வந்த பெண்: அவங்க ஒளிஞ்சிருந்த இடத்தைப் பார்க்கலாமா? அந்தத் தானியக் கொட்டகைதானே அது?

ஹார்லன்: அங்க குளவி கூடு கட்டியிருக்கு.

காரில் வந்த பெண்: சரி, சரி, வேலையைப் பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இப்படிப் பெயின்ட் அடிக்கிறதைப் பார்க்கவே மனசு நிறைஞ்சு போச்சுங்க. வர்றேன்.

வெர்னெட்டா: பார்த்துப் போங்க. மேலே போனா பெட்ரோல் பங்க் பக்கத்துல மீன் வறுவல் நல்லா இருக்கும்…

ஹார்லன்: போயாச்சா?

வெர்னெட்டா: போயாச்சு. உன் கொட்டகையில அந்தக் குளவி எத்தனை வருஷமாய்யா குடியிருக்கு?

ஹார்லன்: போகமாட்டேங்குது.

வெர்னெட்டா: முன்னெல்லாம் இஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அந்த உருளைக்கிழங்கு சேர்த்து வைக்கிற பள்ளத்தைக் காட்டுவியே. "இதுக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தாங்க"ன்னு.

ஹார்லன்: நான் அப்படிச் சொன்னதே இல்ல. பள்ளத்தைக் காட்டினேன். மீதியை டீச்சர்தான் சொல்லிக்கிட்டாங்க.

வெர்னெட்டா: ஓ… அப்படியா. அப்போ நீயும் கெட்டிக்காரன்தான்.

ஹார்லன்: நீயும்னா?

வெர்னெட்டா: ஒண்ணுமில்ல. என் பக்கம் முடிஞ்சுது. உன்னோடது?

ஹார்லன்: முடிஞ்ச மாதிரிதான். கொஞ்சம் மிச்சம். பொன் பெயின்ட் தீர்ந்து போச்சு.

வெர்னெட்டா: என் டப்பாவுல பாதி இருக்கே. கொண்டு வர்றேன்.

ஹார்லன்: வேண்டாம். வராதே. ஈரம்.

வெர்னெட்டா: நான் என்ன சாய்ஞ்சுக்கவா போறேன்?

ஹார்லன்: வெர்னெட்டா, வேண்டாம்னா விடேன்.

வெர்னெட்டா: தள்ளு… எங்க, பார்க்கலாம்… ம். ஓடை இருக்கு. வடக்கு இருக்கு. "அவர்களுள் சிலர்" இருக்கு. அப்புறம் ஒரே பழுப்பு. "பண்ணையில் நின்றார்கள்." எனோக் கோல்வின் எங்கய்யா?

ஹார்லன்: பெயின்ட் தீர்ந்து போச்சு.

வெர்னெட்டா: பேருக்கு முன்னாடி இருக்கிற எழுத்துக்கும் பெயின்ட் இருந்துச்சு, பின்னாடி இருக்கிறதுக்கும் இருந்துச்சு. நடுவுல மட்டும் தீர்ந்து போச்சா? இதுக்குத்தான் பிரஷ்ஷா?

ஹார்லன்: ரோலர்ல ஒரு பேரைத் தாண்ட முடியாது.

வெர்னெட்டா: ஏன் தாண்டணும்?

ஹார்லன்: நாளைக்கு நீங்க அத்தனை பேரும் இங்க வந்து நிப்பீங்க. எனக்குக் கை கொடுப்பீங்க. இத்தனை வருஷம் வழியில போறவன் வர்றவன் கொடுத்தான், வாங்கிக்கிட்டேன். உங்க கையையும் வாங்கிக்க… என்னால முடியாதும்மா. அவ்வளவுதான்.

வெர்னெட்டா: ஏன்?

ஹார்லன்: எனோக் யாரையும் ஒளிச்சு வைக்கல. கொட்டகைக்குப் பின்னால ஒரு கல்மேடை இருக்கே, ஊத்துத் தண்ணிக்குக் கட்டினதுன்னு சொல்லுவோமே… அது நாய்க்கொட்டடி. எனோக் நாய் வளர்த்தவர். ஆத்துக்கு அந்தப் பக்கத்து முதலாளிங்க கொடுத்த காசுக்கு, இந்தப் பக்கம் ஏறி வந்தவங்களைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினவர். அதுதான் அவர் தொழில். இந்தப் பண்ணையே அதுல வந்தது.

வெர்னெட்டா: யார் சொன்னது உனக்கு?

ஹார்லன்: எங்கப்பா. பலகை நட்ட அன்னிக்கு அவர் சாப்பிட வரல. தேடிப் போனா, அந்தக் கல்மேடை மேல உட்கார்ந்திருந்தார். அங்க வச்சுத்தான் சொன்னார். சொல்லிட்டு, பலகை வைக்கிற ஆபீஸ்காரங்களுக்கு நான் எந்தப் பேரும் கொடுக்கலடா, எப்படி வந்துச்சுன்னே தெரியலடான்னார்.

வெர்னெட்டா: நீ என்ன சொன்னே?

ஹார்லன்: நான் நம்பல. வேற யார் கொடுத்திருப்பாங்க? எனோக்னு ஒருத்தர் இருந்ததே எங்க வீட்டைத் தாண்டி யாருக்குத் தெரியும்? பெருமைக்கு ஆசைப்பட்டுக் கொடுத்துட்டு, தகடு வந்ததும் பயந்துட்டார்னு நினைச்சேன். அதுக்கப்புறம் மழை, மாடு, சோயா… இதைத் தவிர அவர்கிட்ட நான் எதுவும் பேசல. அவர் சாகிற வரைக்கும்.

வெர்னெட்டா: அது… எனக்குத் தெரியாது, ஹார்லன்.

ஹார்லன்: உனக்கு எப்படித் தெரியும்? நாங்க வெளிய காட்டிக்கல.

வெர்னெட்டா: இல்ல. நிஜமாவே கஷ்டமா இருக்கு எனக்கு.

ஹார்லன்: விடு. அந்தப் பேரு மட்டும் பழுப்பாவே இருக்கட்டும், உன் பக்கத்துலயும் பழுப்பை அப்பிடலாம். யாரும் கவனிக்கமாட்டாங்க.

வெர்னெட்டா: வார்த்து எடுத்த எழுத்துய்யா இது. பெயின்ட்டால மூடினா எழுத்து போயிடுமா? எங்க பிள்ளைங்க பலகைமேல காகிதத்தை வச்சு மெழுகுப் பென்சிலால தேய்ச்சுத்தான் எடுத்துட்டுப் போகும். பழுப்பு, பொன் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். எனோக் கோல்வின் காகிதத்துல வந்து நிப்பார்.

ஹார்லன்: அப்போ பலகைக்காரங்களுக்குச் சொல்லிடறேன். வந்து பிடுங்கிட்டுப் போகட்டும். பொய்ப் பலகை இருக்கிறதுக்கு இல்லாமலே இருக்கலாம்.

வெர்னெட்டா: பிடுங்கினா உன் வெட்கம் போயிடும். கூடவே எங்க ஆளுங்க நடந்த வழியும் போயிடும். இந்த ரோட்டுல ஆறு தொடங்கி சர்ச் வரைக்கும் அவங்க நடந்தாங்கன்னு சொல்ல வேற என்ன இருக்கு? ஒரு கல் உண்டா? உன் மனசு லேசாகறதுக்கு நாங்க மறுபடி மறைஞ்சு போகணுமா?

ஹார்லன்: நான் அப்படி நினைச்சுச் சொல்லல.

வெர்னெட்டா: தெரியும். ஆனா அப்படித்தான் வந்து முடியும். இந்தப் பலகைக்கு நான் எத்தனை தடவை அலைஞ்சேன் தெரியுமா? ஓடைக்கும் மரத்துக்கும் பலகை வைக்கிறதில்லைன்னுட்டாங்க. நிக்கிற கட்டடம் ஒண்ணு வேணும், அதோட ஒரு பேரு வேணும்னாங்க. எங்க பக்கத்துல நிக்கிற கட்டடம் எது? மரவீடு அத்தனையும் சரிஞ்சு விழுந்தாச்சு. அந்தக் காலத்துலேருந்து இந்த ஓடைக்கரையில இன்னிக்கும் நிக்கிறது உங்க கொட்டகை ஒண்ணுதான்.

ஹார்லன்: இரு. நீ அலைஞ்சியா? பலகைக்கு?

வெர்னெட்டா: ஆமா.

ஹார்லன்: அப்போ பேரு…

வெர்னெட்டா: நான்தான் கொடுத்தேன். வாசகமும் நான் எழுதினதுதான். உங்கப்பா உண்மையைத்தான் சொல்லியிருக்கார். உட்காரு. அந்தப் பெட்டிமேல உட்காரு.

ஹார்லன்: அத்தனை வருஷம் அவரை நான்… என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.

வெர்னெட்டா: சொல்லியிருக்கலாம். நீ வாயைத் திறக்கிறியான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள உங்கப்பாவும் போயிட்டார். அது என் தப்புதான், வச்சுக்கோ.

ஹார்லன்: உன் தப்பு என்ன இருக்கு… நீ எனோக்கை நல்லவர்னு நினைச்சுக் கொடுத்துட்டே. யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க, நம்பிட்டே.

வெர்னெட்டா: அந்த வரியை வாசி.

ஹார்லன்: எதுக்கு இப்போ?

வெர்னெட்டா: வாசிய்யா. பழுப்பையும் சேர்த்து.

ஹார்லன்: "அவர்களுள் சிலர் எனோக் கோல்வினின் பண்ணையில் நின்றார்கள்."

வெர்னெட்டா: ஒளிந்தார்கள்னு இருக்கா?

ஹார்லன்: இல்ல.

வெர்னெட்டா: தங்கினார்கள், சாப்பிட்டார்கள்?

ஹார்லன்: இல்ல… நின்றார்கள்னுதான்… வெர்னெட்டா. உனக்கு இது எப்போலேருந்து தெரியும்?

வெர்னெட்டா: கோல்வின் வளைவுல நிக்காதே, நட நடன்னு எங்கம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போன நாள்லேருந்து. நாய்ங்க வளைச்சுக்கிட்டதும் முன்னால போனவங்க அத்தனை பேரும் இங்கதான் நின்னாங்க. பின்தங்கின ஒருத்தன் மட்டும் ஓடைத் தண்ணியில முங்கிக் கிடந்து பார்த்தான். அவன் வழி வந்தவங்க நாங்க. அந்தப் பிரஷைக் கொடு இங்க… எனோக் பேருக்கு ரெண்டு கோட் பொன் பூசணும், நாளைக்கு எங்க ஆளுங்க நின்னு படிக்கப் போறாங்க.